சம்பளம் வாங்காத பதவியும் பதவிதான்

"ஒரு பைசா சம்பளம் வாங்கவில்லையே, இதில் என்ன தப்பு?" சட்டமன்ற உறுப்பினர் ஒருவருக்கு வாரியத் தலைவர் பதவியையும் அரசு சேர்த்துக் கொடுக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. கட்சிக்காரர்கள் கேட்பதில் வியப்பில்லை. விவரம் தெரிந்தவர்களும் இதை நம்புவதுதான் வேதனை.

அரசியல் சட்டத்தின் 102, 191 ஆகிய பிரிவுகள், சட்டப்படி விலக்கு பெறாத 'ஆதாயம் தரும் பதவி'யை அரசின் கீழ் வகிக்கும் உறுப்பினரைத் தகுதி நீக்கம் செய்கின்றன. அரசைத் தட்டிக்கேட்க மக்கள் அனுப்பியவர் அந்த அரசின் தயவில் வாழக் கூடாது என்பதே இதன் உயிர்நாடி. பதவிகளைக் காட்டி மன்னர்கள் உறுப்பினர்களை வளைத்துப்போட்டதைப் பார்த்த இங்கிலாந்து, 1701-லேயே இதற்கு எதிராகச் சட்டம் எழுதியது.

டெல்லியில் 2015-இல் நடந்ததைப் பாருங்கள். சட்டமன்றத்தின் 70 இடங்களில் 67 இடங்கள் ஆம் ஆத்மி கட்சிக்கு. அங்கே அமைச்சர்கள் ஏழு பேருக்கு மேல் இருக்க முடியாது. ஆனால் மார்ச் மாதத்தில் ஒரே உத்தரவில் அக்கட்சி உறுப்பினர்கள் 21 பேர், அமைச்சர்களுக்கு உதவும் நாடாளுமன்றச் செயலாளர்கள் ஆனார்கள். சம்பளம் இல்லை, அலுவல் பணிக்கு அரசு வாகனமும் அமைச்சர் அலுவலகத்தில் இடமும் உண்டு. எதிர்க்கட்சிக்கு இருந்ததோ மூன்றே பேர். ஆளும் கட்சி உறுப்பினர்களாவது கேள்வி கேட்கலாம் என்றால், அமைச்சர்களையும் சேர்த்து அவர்களில் 28 பேர் அரசுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். அந்த நியமனங்களை 2016-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தப் பதவிகளுக்காக 2018-இல் வந்த தகுதி நீக்கம், முறையான விசாரணை இல்லை என்பதால் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அதனால் நியமனம் சரி என்று ஆகிவிடாது.

சம்பள வாதத்துக்கு உச்ச நீதிமன்றம் 2006-லேயே பதில் சொல்லிவிட்டது. உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சிக் குழுவின் தலைவராக இருந்த ஜெயா பச்சனின் மாநிலங்களவைப் பதவி பறிபோனது. மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம், காரும் ஓட்டுநரும், தங்குமிடம் என்று நியமன உத்தரவு சொன்னது. அவர் அவற்றைப் பெறவில்லை, வசதியானவர் என்ற வாதங்கள் எடுபடவில்லை. பதவியில் ஆதாயம் கிடைக்க வழி இருக்கிறதா என்பதே அளவுகோல் என்றது நீதிமன்றம். சரியான அளவுகோல். கொடுத்தவர் நினைத்தால் பறிக்கலாம் என்ற நிலையில் இருப்பவர், சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வாய் திறக்க யோசிப்பார்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு நடந்ததுதான் வெட்கக்கேடு. ஐம்பதுக்கும் மேற்பட்ட பதவிகளுக்கு, 1959 முதலே முன்தேதியிட்டு விலக்கு அளித்து நாடாளுமன்றம் மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதைத் திருப்பி அனுப்பினார். அதையே மீண்டும் நிறைவேற்றி அனுப்பினார்கள். அவர் கையெழுத்திட வேண்டியதாயிற்று. தங்கள் தகுதி நீக்கத்தைத் தாங்களே நீக்கிக்கொள்ளும் இந்த அதிகாரத்தை அவர்களிடமே விட்டுவைக்கக் கூடாது. உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு வாரியம் கிடைத்தால் பட்டாசு வெடிக்காதீர்கள். சட்டமன்றத்தில் கேள்வி கேட்கத்தானே அனுப்பினோம் என்று அவரிடமே கேளுங்கள்.