பூட்டிய மோட்டாரும் புரட்டிப்போட்ட சைக்கிளும்

ரொறன்ரோவில் வசிக்கும் என் மருமகனின் வீட்டுக் கராஜில் இரண்டு மலைச் சைக்கிள்கள் நிற்கின்றன. இரண்டிலும் முன்னும் பின்னும் அதிர்வுதாங்கிகள் உண்டு. ஒன்று, வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் வாங்கிய, காலால் மிதித்தோடும் சைக்கிள். மற்றையது மோட்டார் பொருத்திய மின்சாரச் சைக்கிள். அதன் எடை 24 கிலோ. விலையைக் கேட்டபோது சிரித்து மழுப்பிவிட்டார்.

கடைசியாக நான் அங்கு சென்றிருந்தபோது, மின்சாரச் சைக்கிள் சுவரிற் சாய்ந்து தூசி படிந்து நின்றது. உத்தரவாதக் காலம் முடிந்து மூன்று மாதத்தில் மோட்டார் நின்றுவிட்டதாம். "கழற்றிப் பார்க்கக் கூடாதோ?" என்று கேட்டேன். "கழற்றியும் பிரயோசனமில்லை மாமா. புதுசாப் போடுற பாகத்தைக் கம்பனியின்ரை மென்பொருள் ஏற்றுக்கொள்ள வேணும். கடைக்காரர் முழு மோட்டாரையும் மாற்றச் சொல்லுறார்" என்றார்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. பணம் கொடுத்து வாங்கிய பின்னரும் திறக்க முடியாத ஒரு பொருளுக்கு உரிமையாளர் யார்?

மலைச் சைக்கிளின் பிறப்பை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியில் உள்ள முரண் விளங்கும். 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில், ஜோ பிறீஸ், கரி பிஷர், சார்லி கெலி முதலிய இளைஞர்கள் பழைய பருமன் ரயர்ச் சைக்கிள்களைத் தேடி எடுத்து, மலைப் பாதைகளில் இறக்கினார்கள். 1976 ஒக்டோபரில் அங்கு தொடங்கிய பந்தயத்துக்கு 'றீபக்' என்று பெயர். இறக்கத்தில் பின்சில்லின் பிறேக் கொதித்து கிறீஸ் எரிந்து போய்விடும். ஓடி முடித்ததும் புதிய கிறீஸ் அடைக்க வேண்டும். அந்த வேலையே பந்தயத்தின் பெயராயிற்று. கியரையும் பலமான பிறேக்கையும் அவர்கள் தாமாகவே பொருத்திப் பார்த்தார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் 'ஸ்டம்ப்ஜம்பர்' என்னும் சைக்கிளைத் தொழிற்சாலையில் உற்பத்தி செய்து விற்கத் தொடங்கியது. ஆக, இந்த வாகனமே உடைமையாளரின் கைவேலையில் பிறந்த ஒன்று.

இன்றைய நிலை வேறு. நெடுங்காலம் 26 அங்குலமாக இருந்த சில்லு, 27.5 ஆகவும் 29 ஆகவும் மாறியது. பின்சில்லின் அச்சு அகலம் 135 மில்லிமீற்றரிலிருந்து 142, பின்னர் 148 என்று விரிந்தது. இவை வெறும் வியாபாரத் தந்திரங்கள் என்று சொல்வது நியாயமாகாது. பெரிய சில்லு கற்களையும் வேர்களையும் இலகுவாகக் கடக்கும். அகன்ற அச்சு சில்லுக்கு உறுதி கொடுக்கும். ஆனால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நேற்றுவரை நன்றாக ஓடிய சட்டகங்கள் அநாதையாகின. மருமகனின் பழைய சைக்கிளுக்கு 26 அங்குலத்தில் நல்ல ரயர் தேடுவதே இன்று ஒரு வேலை. இருந்தாலும் அது ஓடுகிறது. செயின், பெயாரிங், அதிர்வுதாங்கியின் சீல் எல்லாவற்றையும் அவரே மாற்றுகிறார்.

மின்சாரச் சைக்கிளிலோ மாற்றமுடியாமையை மென்பொருளே உருவாக்குகிறது. கூடுதல் கொள்ளளவுள்ள புதிய பற்றரியை, அதே நிறுவனம் தயாரித்த முந்திய தலைமுறை மோட்டார் ஏற்காத சந்தர்ப்பங்கள் உண்டு. பற்றரி சோர்ந்தால், ஆயிரக்கணக்கான டொலர் பெறுமதியான சட்டகமும் அதிர்வுதாங்கிகளும் அதனுடன் சேர்ந்து முடங்குகின்றன.

உற்பத்தியாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. அதை மறைப்பது பத்திரிகைத் தர்மமாகாது. லித்தியம் பற்றரி விளையாட்டுப் பொருளல்ல. நியூயோர்க் நகரில் 2023இல் மட்டும் லித்தியம் பற்றரித் தீயினால் 18 பேர் இறந்தார்கள். தரச்சான்றில்லாத மின்சாரச் சைக்கிள்களின் விற்பனையை அந்நகரம் அதே ஆண்டில் தடை செய்தது. வேகத்துக்கும் சட்டம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் மோட்டாரின் தொடர்வலு 250 வாற்றுக்கு மேற்படக் கூடாது; 25 கிலோமீற்றர் வேகத்தில் மோட்டாரின் துணை நின்றுவிட வேண்டும். அந்த எல்லையை மென்பொருள் கொண்டு உடைக்கும் 'மேம்படுத்தலை' நான் ஆதரிக்கவில்லை. அதே பாதையில் நடந்து வருபவருக்கும் உயிர் உண்டு.

ஆகவே இரண்டு பூட்டுகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் பூட்டு பொதுமக்களுக்கானது; அது இருக்கட்டும். தேய்ந்த பெயாரிங்கையும் சோர்ந்த பற்றரியையும் மாற்றவிடாத பூட்டு கம்பனியின் கல்லாப்பெட்டிக்கானது. அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டுவதை ஏற்க முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பற்றரி ஒழுங்குவிதி இந்த வேறுபாட்டை உணர்ந்திருக்கிறது. மின்சாரச் சைக்கிள் போன்ற இலகு வாகனங்களின் பற்றரியை, சுயாதீனமாகத் தொழில் செய்யும் ஒரு திருத்துநர் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும், மாற்றுவதைத் தடுக்க மென்பொருளைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அது விதிக்கிறது. இதற்குக் குறித்த திகதி 2027 பெப்ரவரி 18. வேலை தெரிந்தவரிடம் ஒப்படை, ஆனால் அவர் கம்பனியின் ஆளாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை என்பதே இதன் பொருள். மோட்டாருக்கும் இவ்விதி நீள வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

இதை எழுதும்போது தொண்ணூறுகளின் யாழ்ப்பாணம் நினைவுக்கு வருகிறது. மின்சாரமில்லை, பொருளாதாரத் தடையினால் பற்றரியுமில்லை. செய்தி கேட்கும் நேரம் வந்ததும், துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாகப் புரட்டி, டைனமோவிலிருந்து வானொலிக்கு வயர் இழுத்து, ஒருவர் பெடலைக் கையாற் சுற்றுவார். சுற்றியிருந்தவர்கள் செய்தி கேட்பார்கள். கை தளர்ந்தால் செய்தியும் தளரும். அந்த டைனமோவைச் செய்த தொழிற்சாலை இதற்கு அனுமதி தந்ததா என்று எவரும் கேட்டதில்லை. திறந்து பார்க்கக் கூடிய பொருளாக அது இருந்ததால், இக்கட்டில் எங்களுக்குக் கைகொடுத்தது. 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோதும், மூலையிற் கிடந்த பழைய சைக்கிள்களே கழுவித் துடைக்கப்பட்டு வீதிக்கு வந்தன. பூட்டிய மோட்டார் நாற்பது வருடம் மூலையிற் கிடந்து மீண்டும் எழுமா?

மின்சாரச் சைக்கிளை நான் வெறுக்கவில்லை. முழங்கால் தேய்ந்த என் வயதுக்காரரையும் அது மலையேற்றும். வாங்க நினைக்கும் இளையோருக்குச் சொல்வது இதுதான்: மோட்டாரின் வலுவைக் கேட்குமுன், ஐந்து வருடத்தின் பின் பற்றரி கிடைக்குமா, வெளிக்கடையில் மோட்டாரைத் திருத்தலாமா என்று கேளுங்கள். மேம்படுத்துவதானால் ரயரிலும் பிறேக்கிலும் தொடங்குங்கள். பாரமான சைக்கிளை இறக்கத்தில் நிறுத்துபவை அவைதான். அதிர்வுதாங்கிக்கு உரிய காலத்தில் எண்ணெய் மாற்றுங்கள். புதிது வாங்கும் ஆசை பாதி அதிலேயே அடங்கிவிடும்.

மருமகன் இன்னும் புது மோட்டார் வாங்கவில்லை. சனிக்கிழமைகளில் பழைய 26 அங்குலச் சைக்கிளில்தான் காட்டுப் பாதைக்குப் போகிறாராம். அதன் சாவி அவர் கையிலேயே இருக்கிறது.