வக்கீலின் பங்குக்கும் வரியா?

வழக்கில் வென்றால் கிடைப்பதில் ஒரு பங்கு வக்கீலுக்கு. தோற்றால் கட்டணமே இல்லை. அமெரிக்காவில் இப்படி ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஏழையும் நீதிமன்றப் படியேற இது வழி. ஆனால் வக்கீலுக்குப் போன பங்குக்கும் கட்சிக்காரரே வரி கட்ட வேண்டுமா?

கலிபோர்னியா கல்வித்துறையிலிருந்து நீக்கப்பட்ட ஊழியர் ஒருவர், வழக்குத் தொடுத்து 4,64,000 டாலர் பெற்றுச் சமரசம் செய்துகொண்டார். அதில் 1,50,000 டாலர் வக்கீலுக்குப் போயிற்று. அது தம் வருமானம் அன்று என்ற அவர் வாதத்தை 2005-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வழக்குரிமை கட்சிக்காரருடையது, வக்கீல் அவருடைய முகவரே. ஆகவே முழுத்தொகையும் கட்சிக்காரரின் வருமானம் என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்பில் தவறில்லை என்பேன். இருவர் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் வரிக்கடனைத் தீர்க்குமானால், வசதி படைத்தோர் அனைவரும் அவ்வழியே செல்வர் அன்றோ?

குறை சட்டத்தில் இருக்கிறது. கடைக்காரர் சரக்கின் விலையைக் கழித்த பிறகே லாபம் கணக்கிடுகிறார். வழக்காடியவரின் செலவு மட்டும் செலவாகாதா? பாகுபாட்டு வழக்குகளுக்கு 2004-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இக்கழிவை அளித்தது. தொழில் சாராத அவதூறு வழக்கில் வென்றவருக்கோ அது இல்லை. ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பா? கழிவு எல்லோருக்கும் வேண்டும். அதை ஒப்பந்தம் அன்று, சட்டமே தர வேண்டும்.