யூனி வெப்சைட்டை ஆர் எழுதவேணும்?

இந்தக் கிழமை எபிசோட்டில் பல்கலைக்கழக வெப்சைட்டுகளைப் பற்றிக் கதைச்சம். டிசைன், சேர்ச், மொபைல் எல்லாம் வந்தது. உள்ளே போடுற எழுத்தை ஆர் எழுதுறது எண்ட கேள்விக்கு நேரம் காணேல்லை. என்னைக் கேட்டால், ஒரு ரீடிசைன் வெல்லுறதும் தோற்கிறதும் அதிலதான்.

2010இல் வந்த எக்ஸ்கேசிடி கார்ட்டூன் கனபேருக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு வட்டங்கள். ஒன்றில் பல்கலைக்கழகம் முதற்பக்கத்தில் போடுறவை, மற்றதில் ஆக்கள் தேடி வாறவை. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது பல்கலைக்கழகத்தின் முழுப்பெயர் மட்டும்தான்.

இதுக்குக் காரணம் வேலையைப் பிரிக்கிற விதம். நொஷாட்டல் பல்கலைக்கழகத்தையே எடுங்கோ. 1909இல் பல்கலைக்கழகமானது, இன்றைக்கு கலை, விஞ்ஞானம், சட்டம், பொருளியல் எண்டு நாலு பீடங்கள். இப்படியான இடத்தில் ரீடிசைன் வந்தால் 'பீடத்துக்கு ஒரு டீம்' எண்டுதான் முதலில் தோன்றும். ஆனால் வாசிக்க வாற பிள்ளைக்குப் பீடங்களின்ர எல்லை தெரியாது. அவரிட்ட இருக்கிறது ஒரு கேள்வி.

உதாரணத்துக்கு: அப்ரான்திசாஜ் செய்து மத்துரித்தே ப்ரொஃபெஸியொனெல் எடுத்த ஆள் யூனிக்குப் போகலாமோ? போகலாம், பாசரெல் பரீட்சையில் சித்தியடைந்தால். இந்தப் பதிலை அனுமதிப் பிரிவு ஒரு மாதிரியும் பீடம் இன்னொரு மாதிரியும் எழுதினால் வாசிக்கிறவர் குழம்பிப் போவார். எங்கட பிள்ளையளில் கனபேர் வாறது இந்த வழியாலதான். இங்கத்தைய யூனிக்குப் போற முதல் ஆள் அவை எண்டால், வீட்டில் கேட்கவும் ஆள் இல்லை. பக்கம் விளங்காட்டி, 'இது எனக்குச் சரிவராது' எண்டு டாபை மூடிப்போட்டுப் போயிடுவினம். ஒரு சொதப்பல் பக்கம் ஒரு ஆளின்ர படிப்பையே மாத்தலாம்.

அதனால டீமைக் கேள்விப்படி பிரிக்கவேணும். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பேர்: விதி தெரிஞ்ச அலுவலர் ஒருவர், அதே கேள்வியோட போன வருசம் அலைஞ்ச மாணவர் ஒருவர். பிரிட்டனில் 2012இல் தொடங்கின கவ்.யூகே தளத்திலும் எழுத்தாளரும் துறை நிபுணரும் பக்கத்தில பக்கத்தில இருந்து எழுதுற முறை உண்டு. பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளர், திருப்பிப் பார்க்க ஒரு திகதி. இது இல்லாட்டி இரண்டே வருசத்தில் பழைய குப்பை திரும்பி வந்திடும்.

'மாணவர் எழுதினால் சட்டவிபரம் பிழைக்கும்' எண்டு சொல்லுவினம். நியாயமான பயம். தகவல் சரியோ எண்டதில் கடைசி முடிவு அலுவலருக்கு. விளங்குதோ எண்டதில் கடைசி முடிவு மாணவருக்கு. இவ்வளவுதான்.

இந்த வேலை எங்களுக்குப் புதுசும் இல்லை. கொம்யூனில இருந்து வந்த கடிதத்தைப் படிச்சு, "அம்மா, இதில கையெழுத்து வைச்சு வெள்ளிக்கிழமைக்கு முதல் அனுப்பட்டாம்" எண்டு ஒரு வரியில் சொல்லிப் பழகின ஆக்கள் நாங்கள். கொன்டென்ட் டிசைன் எண்டிறதும் அதுதான். உங்கட யூனியில் ரீடிசைன் எண்டு ஆள் தேடினால் கை உயர்த்துங்கோ. சம்பளமும் கேளுங்கோ.