நமக்குள்ளே: "இது விலை அதிகம், தங்காச்சி!"



சம்பளம் போட்ட மறுநாள், பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுடன் பட்டணத்துக்குப் போயிருந்தேன். செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கும் கை அவருடையது. துணி துவைக்கும் இயந்திரம் வாங்க ஒரு வருடமாகச் சேர்த்த 1,000 வெள்ளியைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார்.

கடையில் ஒரு பையன் நின்றான். "எத்தனை கிலோ துணி கொள்ளும்?" என்று மலாயில் கேட்டார் பெரியம்மா. விலையைக்கூடக் கேட்கவில்லை. பையன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "இது விலை அதிகம், தங்காச்சி. பழசு பின்னால் இருக்கிறது" என்றான். பேரன் வயது அவனுக்கு! நம்முடைய தங்கச்சிதான் மலாயில் தங்காச்சி ஆனாள். அதை அன்பாகச் சொல்கிறவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அடுத்து வந்த வேறு இனத்து அம்மாளை அதே பையன் "புவான்" என்றல்லவா அழைத்தான்?

பெரியம்மா வாயே திறக்கவில்லை. பஸ்ஸில்தான் கேட்டார்: "நான் என்ன வேலைச் சட்டையோடவா போனேன்? நல்ல சேலைதானே கட்டியிருக்கேன்?"

எனக்குப் பதில் வரவில்லை.

சட்டம் இல்லையா என்பீர்கள். இனம் பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று நம் அரசியலமைப்பின் 8-ஆம் விதி சொல்கிறது. ஆனால் அந்த உரிமை அரசாங்கத்தைத்தான் கட்டும், தனியாரைக் கட்டாது என்று 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே முகம் சுளித்த கடைக்காரரைக் கோர்ட்டுக்கு இழுப்பது நடக்கிற காரியமல்ல. பொருளில் ஏமாற்றினால் கதை வேறு. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி தீர்ப்பாயம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். அதற்கு ரசீது கையில் இருக்கவேண்டும். "கடைசி பஸ் போய்விடும்" என்று ரசீது வாங்காமல் ஓடிவருகிறோமே, அங்கேதான் தவறுகிறோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம்மவர் நகைக்கடையில் "தோட்டமா நீங்க?" என்று கேட்டுவிட்டு, காரில் வந்தவரிடம் ஓடுகிறார்களே, அதை மட்டும் நாம் ஏன் பொறுத்துக்கொள்கிறோம்? மற்றவன் செய்தால் வலிக்கிறது, நம்மவன் செய்தால் பழகிவிட்டது.

பதினைந்து நாள் கழித்து வேறொரு கடைக்குப் போனோம். அங்கே இருந்த சீனப் பெண்ணிடம் பெரியம்மா அதே கேள்வியைத்தான் கேட்டார். அவள் மூடியைத் திறந்து, "7 கிலோ, ஆன்ட்டி. போர்வையும் துவைக்கலாம்" என்றாள். பெரியம்மா கைக்குட்டையை அவிழ்த்து 849 வெள்ளியை எண்ணிக் கொடுத்தார். ரசீதுக்குப் பெயர் கேட்டபோது அப்பா பெயரோடு முழுப்பெயரையும் சொல்லி, அவள் எழுத்துக் கூட்டி எழுதி முடிக்கும்வரை நின்றார்.

பட்டணத்தில் வாடகை வீடு கேட்கும் நம் பிள்ளைகள், பெயரைச் சொன்னதும் "வீடு போய்விட்டது" என்ற பதிலோடு திரும்புவதை அடுத்த மாதம் பேசுவோம். அப்படி நேர்ந்தவர்கள் எழுதுங்கள்.