இருட்டையும் படிக்கட்டும்

பிள்ளைகளுக்கு எதற்கு இருண்ட கதை என்று கேட்கும் பெற்றோரிடம் நான் முதலில் நீட்டும் புத்தகம், லோயிஸ் லௌரி 1993இல் எழுதிய ‘தி கிவர்’. பசியில்லை, சண்டையில்லை, வலியில்லை. கூடவே நிறமில்லை, இசையில்லை, பழைய நினைவும் இல்லை. அப்படியொரு ஊர். அந்த நினைவுகளையெல்லாம் ஒற்றை ஆளாகச் சுமக்கத் தேர்ந்தெடுக்கப்படும் ஜோனாஸுக்கு வயது 12தான். பத்திரமாக வாழ எதையெல்லாம் விட்டுக்கொடுக்கலாம் என்று இதைவிட எளிமையாகக் கேட்ட கதையை நான் படித்ததில்லை. அடுத்து, அர்சுலா லெ குவினின் ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’ (1968). திறமையைக் காட்டப்போய் ஒரு கரிய நிழலை அவிழ்த்துவிடும் கெட், முதலில் அதற்கு அஞ்சி ஓடுகிறான். பிறகு திரும்பி நின்று அதையே துரத்துகிறான். மந்திரக் கதையில் பகைவன் வெளியேதான் இருக்க வேண்டுமா என்ன? சூசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ (2008) மட்டும் கொஞ்சம் பொறுக்கட்டும். பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்வதை நாடே தொலைக்காட்சியில் பார்க்கும் கதை அது. ரத்தம் அதிகம், ஆனால் அதிலுள்ள கோபம் நியாயமானது. வாங்கிக் கொடுத்ததோடு நிறுத்தாதீர்கள். பிள்ளை படித்து முடித்ததும் நீங்களும் படியுங்கள். சாப்பாட்டு நேரத்தில் மதிப்பெண்ணைத் தவிர வேறு பேச்சும் கிடைக்கும்.