மன்னர் முகத்து அம்மைத் தழும்பு

வெர்சாய் அரண்மனையில் பதினான்காம் லூயி மன்னரின் உருவங்களுக்குப் பஞ்சமே இல்லை. பளிங்கிலும் வெண்கலத்திலும் எண்ணெய் வண்ணத்திலும் எங்கு திரும்பினாலும் அவர்தான். அத்தனைக்கும் நடுவே, அரை மீட்டர் உயரத்தில், அந்துவான் பெனுவா 1705 வாக்கில் செய்த மெழுகுப் புடைப்புச் சிற்பம் ஒன்று இருக்கிறது. மன்னரின் பக்கவாட்டு முகம். தலையில் நிஜ முடியால் ஆன டோப்பா, கழுத்தில் நிஜ லேஸ், தோளில் வெல்வெட். இதை விசித்திரப் பொருளாகக் கருதி, கலையின் வரிசைக்கு வெளியே நிறுத்தும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. அந்த வழக்கம் தவறு என்பது என் உறுதியான கருத்து. அந்த அரண்மனையிலுள்ள லூயியின் உருவங்களில் இதுவே மிகத் துணிச்சலானது.

முகத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். கன்னத்தில் அம்மைத் தழும்புகள் தெரிகின்றன. 1647-ல், ஒன்பது வயதில் அவருக்குப் பெரியம்மை கண்டது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழித்தும் பெனுவா அதை மறைக்கவில்லை. வாய் உள்வாங்கியிருக்கிறது. 1685 வாக்கில் பல் பிடுங்கியபோது மேல்தாடையின் ஒரு பகுதியும் பெயர்ந்து வந்தது. புண்ணைக் காய்ச்சிய இரும்பால் சுட்டார்கள். அந்த வேதனை உதட்டின் வடிவத்தில் தங்கிவிட்டது. தாடைக்குக் கீழே சதை தளர்ந்து தொங்குகிறது. இவ்வளவையும் பளிங்கில் செதுக்க முடியாதா என்றால், வடிவத்தைச் செதுக்கலாம். தோலைச் செதுக்க முடியாது. தேன்மெழுகில் நிறத்தை மேலே பூசுவதோடு உள்ளேயே கலக்கவும் முடியும். வெளிச்சம் சற்று உள்ளே போய்ச் சிதறித் திரும்புகிறது. மனிதத் தோலிலும் ஒளி அப்படித்தான் நடந்துகொள்கிறது.

‘உள்ளதை உள்ளபடி படியெடுப்பது கைத்திறன்தானே, அதில் கலை எங்கே?’ என்று கேட்பார்கள். பெனுவா தேர்ந்துகொண்ட கோணமே இதற்குப் பதில். பக்கவாட்டு முகம் என்பது நாணயங்களுக்கும் பதக்கங்களுக்கும் உரியது. அரசுரிமையைக் காட்ட ரோமானியர் காலத்திலிருந்து வந்த முறை. அந்தச் சட்டகத்துக்குள் மூப்படைந்த ஓர் உடலைக் கொண்டுவந்து வைத்ததில்தான் அவருடைய சிந்தனை இருக்கிறது. ஓவியர் ரிகோ 1701-ல் வரைந்த மன்னரின் புகழ்பெற்ற ஓவியத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அதிலும் முகத்தில் முதுமை தெரியவே செய்கிறது. ஆனால் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரத் துணியில் அந்த முகம் சிறு பகுதி. மிச்சமெல்லாம் முடிசூட்டு அங்கியும், அறுபத்து மூன்று வயதுக்காரருக்குப் பொருந்தாத நடனக்காரக் கால்களும். பெனுவா அங்கி, கால் எதற்கும் இடம் வைக்கவில்லை.

மெழுகு சந்தைக் காட்சிக்கான பொருள் என்ற இழிவும் உண்டு. பெனுவாவே 1668-ல் அரச அனுமதி பெற்று, அரசவையினரின் மெழுகு உருவங்களைப் பாரிஸில் காட்சிக்கு வைத்தவர்தான். ஆனால் 1681-ல் அரச ஓவிய, சிற்பக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றதும் உண்மை. இறந்த மன்னருக்கு மெழுகு முகம் செய்து மரியாதை செலுத்துவது பிரான்சில் பழைய வழக்கம். 1547-ல் முதலாம் பிரான்சுவாவுக்கு அந்த உருவத்தைச் செய்தவர் அரசவை ஓவியர் குளுவே. மெழுகைக் கீழே தள்ளியது பிற்காலத்தின் வெண்பளிங்கு ரசனை. வியன்னா அறிஞர் யூலியஸ் ஃபான் ஷ்லோசர் 1911-லேயே மெழுகு உருவங்களின் வரலாற்றை எழுதி, அந்த ரசனையைக் கேள்விக்கு உட்படுத்தினார்.

கடைசியாக ஒரு வலுவான மறுப்பு உண்டு: தன் உருவத்தை இவ்வளவு கவனமாக ஆண்ட மன்னருக்காகச் செய்ததை உண்மையின் சாட்சியாக எப்படி நம்புவது? முழுக்க நம்ப வேண்டாம்; இதுவும் அரசவைப் படைப்புதான். நிமிர்ந்த தலையிலும் அடர்ந்த டோப்பாவிலும் அதிகாரம் அப்படியே இருக்கிறது. ஆனால் இது செய்யப்படுவதற்குச் சற்று முன்புதான் பிளென்ஹைமில் அவருடைய படை பெருந்தோல்வி கண்டிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் இளமையைக் கடன் வாங்காமல், தழும்போடும் பல்லில்லாத வாயோடும் ஒரு மன்னரை மன்னராகவே காட்ட முடியும் என்று பெனுவா நம்பியிருக்கிறார். லூயியைப் பற்றிய நூல்கள் ரிகோவின் ஓவியத்தை அட்டையில் போடட்டும்; உள்ளே, அதற்கு இணையான அளவில், இந்த மெழுகு முகமும் அச்சாக வேண்டும்.