ஆறாவது தோட்டா

சினிமாவில் ரிவால்வர் சிக்கி நின்று பார்த்திருக்க மாட்டீர்கள். கதாநாயகன் ஆறு முறை சுடுவார். சில படங்களில் எண்ணிப் பார்த்தால் பதினாறு முறைகூடச் சுட்டிருப்பார். நிஜத்தில் மூன்றாவது, நான்காவது குண்டோடு உருளை சுற்றாமல் நின்றுபோவது உண்டு. அப்போது பெரும்பாலும் துப்பாக்கியில் பழுது இருக்காது. தோட்டாவின் வாய் சரியாக மூடப்படாமல் இருந்திருக்கும்.

தோட்டா என்பது ஒரு பித்தளை உறை. அடியில் தீப்பற்ற வைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்ட பிறகு உறை மிஞ்சும். அமெரிக்காவில் அதைப் பொறுக்கிவந்து வீட்டு மேசையிலேயே மீண்டும் நிரப்புவது பழைய பொழுதுபோக்கு. சொந்த உபயோகத்துக்கு என்றால் மத்திய அரசின் உரிமம் வேண்டாம், விற்பதற்குத்தான் வேண்டும். நம் பக்கம் கதையே வேறு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உரிமமின்றி ஒரு தோட்டா கையில் இருந்தாலே கடுங்குற்றம். ஆகவே இது செய்முறைப் பாடம் அல்ல. ஆனால் அந்த வேலையின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் இயற்பியல், பொறியியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பேசிப் பார்க்கத் தகுந்தது.

கடைசிக் கட்டத்தின் பெயர் கிரிம்ப். உறையின் வாயைக் குண்டின்மேல் அழுத்தி மூடுவது. கறிபாப் ஓரத்தை மடித்து அழுத்துவதை நினைத்துக்கொள்ளுங்கள். மடிப்பு சரியில்லை என்றால் எண்ணெயில் போட்டதும் உருளைக்கிழங்கு வெளியே வந்துவிடும். இங்கே வெளியே வருவது குண்டு.

ஏன் வரவேண்டும்? பேருந்து சட்டென்று கிளம்பினால் நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்கிறார் அல்லவா, அதே சடத்துவம்தான். ஒரு தோட்டா வெடிக்கும்போது ரிவால்வர் பின்னோக்கி உதைக்கிறது. உருளையில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் உறைகளை, அடியில் உள்ள விளிம்பு பிடித்துத் துப்பாக்கியோடு பின்னால் இழுக்கிறது. கனமான குண்டோ இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. ஒவ்வொரு உதைப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உறையிலிருந்து முன்னால் நழுவி, கடைசியில் உருளையின் முகப்பைத் தாண்டி நீட்டிக்கொள்கிறது. அது சட்டத்தில் முட்டியதும் உருளை சுற்றாது. காட்டில் கரடிக்குப் பயந்து ரிவால்வர் சுமப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. துப்பாக்கி எடை குறையக் குறைய உதைப்பு வேகம் கூடும். சட்டைப் பைக்குள் அடங்கும் லேசான ரிவால்வர்களில்தான் இந்தத் தொல்லை அதிகம்.

இரண்டு வகை கிரிம்ப் பழக்கத்தில் உண்டு. ரோல் கிரிம்பில் உறையின் வாய் உள்நோக்கிச் சுருண்டு, குண்டின் இடுப்பில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் உட்காரும். டேப்பர் கிரிம்பில் வாய் சுருளாது. பக்கவாட்டில் நேராக இறுகும். .38 ஸ்பெஷல், .357 மேக்னம், .44 மேக்னம் போன்ற ரிவால்வர் தோட்டாக்களுக்கு ரோல். அவை அடி விளிம்பால் அறையில் நிற்பதால் வாய் எப்படிச் சுருண்டாலும் தோட்டா உள்ளே போய்விடாது. 9 மி.மீ., .45 ஏசிபி போன்ற பிஸ்டல் தோட்டாக்களில் துருத்தும் விளிம்பு இல்லை. உறையின் வாய்தான் அறைக்குள் உள்ள படியில் முட்டி நிற்கிறது. அந்த வாயைச் சுருட்டினால் நிற்க இடமில்லாமல் போகும். எனவே டேப்பர்.

ரோல் கிரிம்பை இன்று நாம் அறிந்த அளவுக்குப் பரப்பியவர்களில் எல்மர் கீத் முக்கியமானவர். 1899இல் பிறந்தவர், ஐடஹோ மாநிலத்துப் பண்ணைக்காரர், வேட்டை வழிகாட்டி, சளைக்காத எழுத்தாளர். இளம் வயதில் அவர் கையில் ஒரு .45 ரிவால்வர் வெடித்துச் சிதறியது. அதன் பிறகு உருளைச் சுவர் தடிமனாக இருக்கும் .44 ஸ்பெஷலுக்கு மாறினார். ஆழமான கிரிம்ப் பள்ளம் கொண்ட கனமான ஈயக் குண்டுகளை அதற்கென வடிவமைத்தார். அவர் வீட்டில் நிரப்பிச் சோதித்த அந்தத் தோட்டாக்கள்தான் 1955 இறுதியில் வெளிவந்த .44 மேக்னத்துக்கு வழி போட்டன.

புதிதாக இதில் இறங்குபவர்கள் செய்வது ஒன்றுதான்: குண்டு நழுவினால் இன்னும் முறுக்கு, இன்னும் இறுக்கு. நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் பித்தளைக்கு வில்போல் திரும்பும் குணம் உண்டு, ஈயத்துக்குக் கிடையாது. அளவுக்கு மீறி அழுத்தினால் குண்டு நசுங்கிச் சிறுத்துப்போகும், கையை எடுத்ததும் உறை மட்டும் கொஞ்சம் பின்வாங்கும். இடையில் இடைவெளி. இன்னும் முரட்டுத்தனம் காட்டினால் வாய்க்குக் கீழே உறை புடைத்து, தோட்டா அறைக்குள்ளேயே நுழையாது. உறைகளின் நீளம் ஒன்றுபோல் இல்லாவிட்டாலும் இதே வம்புதான்: நீளமானதில் மடிப்பு மிகை, குட்டையானதில் மடிப்பே விழாது. அதனால்தான் அனுபவசாலிகள் முதலில் எல்லா உறைகளையும் ஒரே நீளத்துக்கு வெட்டிக்கொள்கிறார்கள். அலுப்பான வேலை, தவிர்க்க முடியாது.

உண்மையில் குண்டைப் பெருமளவு பிடித்திருப்பது மடிப்பு இல்லை, உறையின் கழுத்து முழுக்க உள்ள இறுக்கம். உறையின் உள்விட்டம் குண்டைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டொரு பங்கு குறைவாக இருக்க வேண்டும். அந்த இறுக்கம் இருந்தால் மிதமான ரோல் கிரிம்ப் பெரும்பாலும் போதும். மெதுவாக எரியும் மருந்து போட்ட மேக்னம் தோட்டாக்களுக்கு மட்டும் அழுத்தமான மடிப்பு வேண்டும். குண்டை ஒரு கணம் பிடித்து வைத்தால்தான் அந்த மருந்து ஒரே சீராக எரியும்.

சரியாக அமைந்ததா என்று பார்க்க அவர்கள் செய்யும் சோதனைக்கு ஒரு கேலிப்பர் போதும். ஆறு தோட்டாக்களில் ஒன்றின் நீளத்தை அளந்து குறித்துக்கொள்கிறார்கள். ஐந்தைச் சுட்டுவிட்டு, அந்த ஆறாவதை வெளியே எடுத்து மறுபடி அளக்கிறார்கள். நீளம் கூடியிருந்தால் மடிப்பு அச்சைத் தொடுவதற்கு முன், உறையின் வாயை விரிக்கும் கருவி தேவைக்கு மேல் விரிக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்கள்.